பொறியியலும் தமிழும்: பேராசிரியர் வா. செ. குழந்தைசாமி

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வாரை நோக்கி, "பொறியியற் கல்லூரியில் இடங் கிட்டவில்லையோ?" என்று வினவுவார் போடிநாயக்கனூர்க் கடைவீதியில் இன்றும் பலர் உளர். வினவுவாரை யாம் நோவதில்லை. அவ்வினாவின் அடியிற் கிடக்கும் எண்ணத்தையே நோகின்றோம். கணக்கு வாராதார்க்கே தமிழ், தமிழ் வேண்டாதார்க்கே பொறியியல் என்பது அவ்வெண்ணம். அதனைச் சொல்லாலன்றி வாழ்வாலேயே மறுத்தவர் பேராசிரியர் வா. செ. குழந்தைசாமி.

கரூர்ப் பகுதியின் சிற்றூரொன்றில் 1929ஆம் ஆண்டு பிறந்த இவர், கட்டடப் பொறியியலில், அதிலும் நீரியலில், தேர்ந்தவர். கரக்பூரிற் பயின்றபின் அமெரிக்க நாட்டு இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 1964இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் அங்கு ஆராய்ந்த பொருள் நம் மலைநாட்டார்க்கு அயலானதன்று. குரங்கணிக்கு மேலே ஐப்பசி மழை பெய்யுங்கால், பெய்த நீரனைத்தும் அப்பொழுதே கொட்டகுடி ஆறாகி விடுவதில்லை. ஒரு பங்கை மரச்செறிவும் சருகும் தாங்கும். ஒரு பங்கை மண் உண்ணும். எஞ்சியது சிற்றோடைகளாய் இழிந்து, கூடி, ஆற்றை அடையச் சில நாழிகை செல்லும். அங்ஙனமாயின் வெள்ளம் எப்பொழுது உச்சம் எய்தும்? எப்பொழுது வடியும்?

நிலம் உண்டது போக எஞ்சிய மழை இருமடங்காயின் வெள்ளமும் இருமடங்காம் என்னும் கோட்பாட்டினை ஷெர்மன் என்பார் 1932இல் வகுத்திருந்தார். கணக்கிடுவதற்கு அஃது எளிதே. ஆயின் மலையும் ஆறும் அவ்வாறு நேர்கோட்டில் நடப்பனவல்ல. வடிநிலத்தில் தேங்கி நிற்கும் நீரினை, உட்புகும் மழையோடும் வெளிச்செல்லும் பெருக்கோடும், அவ்விரண்டும் மாறும் விரைவோடும் இணைத்துரைக்கும் பொதுச் சமன்பாடொன்றைக் குழந்தைசாமி ஆராய்ந்தமைத்தார். அவரும் அவர்தம் ஆசிரியர் வென் டே சௌவும் இதுபற்றி எழுதிய கட்டுரை 1971இல் வெளிவந்தது.

அவர் வகித்த பதவிகளை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1978முதல் ஓராண்டளவு துணைவேந்தர். அண்ணா பல்கலைக்கழகத்தில் 1981முதல் 1990வரை. பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 1994வரை. இவற்றிடையே 'குலோத்துங்கன்' என்னும் புனைபெயரிற் கவிதை பாடியும் வந்தார். 'வாழும் வள்ளுவம்' என்ற நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது அவர் பொறியியற் பல்கலைக்கழகமொன்றன் தலைவராயிருந்தார் என்பதையே யாம் பெரிதாய்க் கருதுகின்றோம். 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் அவர் வழிகாட்டலால் உருவாயதே. அவர் 2016இல் மறைந்தார்.

அவர் கூறிய யாவற்றிற்கும் யாம் உடன்படுவோமல்லேம். உகர ஊகார உயிர்மெய்கட்குத் தனிக்குறிகள் அமைத்து எழுத்தைச் சீர்திருத்தவேண்டும் என்று அவர் நெடுங்காலம் வாதாடினார். குழந்தைகள் கற்கும் எண்ணிக்கை குறையும் என்பது மெய்யே. எனினும், அச்சிட்ட நூல்களனைத்தும் அடுத்த தலைமுறைக்குப் பழைய எழுத்தாய்ப் போய்விடும் என்னும் அச்சம் எம்மை விடவில்லை. கணினி வந்தபின் அச்சுக்கோப்பாரின் இடர்ப்பாடும் நீங்கிற்றன்றோ?

ஆயினும் பொறியியலைத் தமிழிற் பேசவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. போடியிலும் 2012முதல் அரசு பொறியியற் கல்லூரி நடைபெறுகின்றது. அங்குப் பயிலும் மாணவர் எத்துணைப் பேர் கொட்டகுடி ஆற்றின் பெருக்கை அளந்திருப்பர்? ஏலத்தோட்டத்தில் நிழல்மரக் கிளைகளைக் கழித்தால் மழைநீர் எத்துணை விரைந்து இறங்குகின்றது என்பதைத் தோட்டக்காரர்க்கு அவர் மொழியிற் சொல்ல எத்துணைப் பேரால் இயலும்? தோட்டத்திற் கூலிவேலை செய்வோர்க்கும், கீழே கண்மாய்நீரை நம்பி உழுவோர்க்கும் இது படிப்பன்று, பிழைப்பு.

ஆதலின் யாம் வேண்டுவது இது: நம் தமிழ் மன்றத்தார் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குமுன் அக்கல்லூரி மாணவரை அழைத்து, சரிவில் மூன்றிடங்களிலேனும் மழைமானி வைப்பதற்கு அவரோடு உடன்செல்க. அளப்பவர் அவராகுக, தோட்டக்காரரும் உழவரும் வழங்கும் மழைச்சொற்களைக் கேட்டெழுதுவார் நம்மவராகுக. வரும் ஆண்டு மலரில் அவ்விரு கணக்கும் ஒருசேர வெளியிடப் பெறலாம்.