ஒற்றையிலும் மிகை உண்டு

ஓர் எண்ணின் காரணிகளுள் அவ்வெண்ணை நீக்கி ஏனையவற்றைக் கூட்டினால் மூவகை எண்கள் தோன்றும். 6 இன் காரணிகளாகிய 1, 2, 3 கூடி 6 ஆகும், அது நிறைவெண். 8 இன் காரணிகளாகிய 1, 2, 4 கூடி 7 மட்டுமே ஆகும், அது குறைவெண். 12 இன் காரணிகளாகிய 1, 2, 3, 4, 6 கூடி 16 ஆகும், அது மிகையெண். கி. பி. 100 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் நிக்கோமாக்கசு இம்மூவகையைத் தம் எண்கணித நூலில் விளக்கினார். ஆயினும் இரட்டை எண்களையே அவர் இவ்வாறு பாகுபடுத்தினார்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் இதனை வகுப்பிற் கற்பித்தோம். 1 முதல் 100 வரை மாணவரைக்கொண்டு சோதிப்பித்தோம். கிடைத்த மிகையெண்கள் யாவும் இரட்டை. "மிகையெண்கள் யாவும் இரட்டை எண்களே" என்று கரும்பலகையில் எழுதியும் விட்டோம். காரணமும் கூறினோம்: இரட்டை எண்ணுக்கு அதன் பாதியே ஒரு காரணி, ஒற்றை எண்ணுக்கோ மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட காரணி வாய்ப்பதில்லை.

மறுநாட் காலை, கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவன் தன் கொப்பியுடன் வந்தான். "ஐயா, இதையும் ஒருமுறை பாருங்கள்" என்றான். அவன் 3, 5, 7 என்பவற்றைப் பெருக்கி 105 பெற்றிருந்தான். காரணிகளின் கூட்டுத்தொகை 87. மனந்தளராது மீண்டும் 3 ஆற் பெருக்கினான். 315 க்குக் கூட்டுத்தொகை 309. ஆறே குறை! இன்னுமொருமுறை 3 ஆற் பெருக்க 945 வந்தது. அதன் காரணிகள் 1, 3, 5, 7, 9, 15, 21, 27, 35, 45, 63, 105, 135, 189, 315. கூட்டினோம்; 975. முப்பது மிகை!

வகுப்பினர் முன்னிலையில் நம் விதியை நாமே அழித்தோம். ஒற்றை மிகையெண்களுள் மிகச் சிறியது இந்த 945 தான். ஆகவே 944 வரை பொறுமையுடன் சோதித்தவர்க்கும் அப்பொய்விதி மெய்யாகவே தோன்றியிருக்கும். பல முறை கண்டது வேறு, நிறுவியது வேறு.

ஒற்றை நிறைவெண் ஒன்றேனும் இன்றுவரை அகப்பட்டிலது. 1 ஐ அடுத்து 1500 பூச்சியங்கள் இட்ட எண்வரை அத்தகையது இல்லையென 2012 இல் வெளியான ஆய்வொன்று நிறுவியது. எனினும் எங்கும் இல்லை என்று உரைக்கக் கணித அறிஞர் துணியவில்லை. நாமும் இனித் துணியோம்.

2000 க்குள் இன்னுமோர் ஒற்றை மிகையெண் உண்டு. மாணவர்கள் தேடிக் காண்பார்களாக.