காணிச் சொந்தக்காரரைக் கேளுங்கள்

வரவு செலவுத் திட்ட விவாதம் நடக்கும் நாட்களில் மலையகத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேச்சுக்குக் குறைவிருப்பதில்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு தொகையில் தொடங்கி அதே தொகையில் முடிந்துவிடுகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமாக ஒரு காலத்தில் 1,000 ரூபா; பிறகு 1,700; இப்போது 1,750. வாங்கிக் கொடுத்தது யார், ஏமாற்றியது யார் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் குற்றஞ்சாட்டியே குழுநிலை விவாத நேரம் கரைந்துபோகிறது. தொழிலாளி நிற்கும் மலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் அழுத்தமாக எழுவதில்லை.

அந்த மலை அரசாங்கத்துக்குச் சொந்தம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனபோதும் காணி விற்கப்படவில்லை; 53 வருடக் குத்தகைக்கே விடப்பட்டது. அந்தக் குத்தகை 2045 வரை ஓடும். அதோடு ஒவ்வொரு கம்பனியிலும் திறைசேரிச் செயலாளரின் பெயரில் ஒரு தங்கப் பங்கு இருக்கிறது. அந்த ஒரு பங்குக்கு உள்ள பலம் சாதாரணமானதல்ல. இரண்டு வார முன்னறிவித்தல் கொடுத்துக் கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கலாம். காலாண்டு முடிந்து 60 நாட்களுக்குள் கம்பனி அறிக்கை தர வேண்டும். அரசின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒரு துண்டுக் காணியைக்கூட உப குத்தகைக்கு விட முடியாது.

ஆகவே ஓர் அமைச்சர் சபையில் எழுந்து “கம்பனிகள் இணங்கவில்லை” என்று சொல்லும்போது, அவரை வழிப்போக்கராக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டை வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவரின் கணக்கைப் பார்க்க எழுத்தில் உரிமை பெற்றவர், அந்த வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் ஊர் ஏற்காது. அந்தக் காலாண்டு அறிக்கைகளைச் சபாபீடத்தில் வையுங்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டால் போதும், விவாதத்தின் திசையே மாறிவிடும்.

கடந்த சில வருடச் சம்பளக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகிக் கிடந்தது. ஒப்பந்தம் இல்லாத தோட்டத்தில் கொழுந்தின் கிலோ அளவைத் தீர்மானிப்பது துரையின் வாய்ச்சொல்தான். பல தோட்டங்களில் 18 கிலோ என்றிருந்தது 20ஆனது. அதற்கு மேலும் போனது. அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் ‘அரைப் பேர்’. காலையில் பெரட்டுக்களத்துக்கு வந்து, பனியிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க நின்ற ஒரு பெண்ணுக்குச் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் பாதி நாள்தான் விழும். நிறுவையில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் வேறு. வர்த்தமானியில் ஏறிய தொகை சம்பளத் துண்டில் ஏறாமல் போகிற இடம் இதுதான். கொழும்பில் நடக்கும் விவாதம் இந்தத் தராசு வரைக்கும் வந்து சேர்வதில்லை.

2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாவை அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் விஷயம் 1,350இல் வந்து நின்றது. நாட்டின் தலைவர் மேடையில் சொன்ன தொகைக்கும் தொழிலாளியின் கைக்கு வந்த தொகைக்கும் இடையில் 350 ரூபா காணாமற்போனது. சட்ட ஏற்பாட்டைச் சரியாகச் செய்யாமல் வாக்குறுதி கொடுக்கப்பட்டதா, அந்த ஆலோசனையை வழங்கியது எந்தத் திணைக்களம், இதற்கு யார் பொறுப்பு என்றெல்லாம் ஒரு தெரிவுக்குழுவே உட்கார்ந்து விசாரித்திருக்க வேண்டிய விவகாரம் அது. தேர்தல் வந்தது, விஷயம் அமுங்கிப்போனது.

இன்றைய அரசாங்கம் 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறது. நாட்சம்பளம் 1,550 ரூபா. அதற்கு மேல் வருகைக்கான ஊக்குவிப்பாக அரசே 200 ரூபா தருகிறது. அதற்கென ஒதுக்கப்பட்டது 5,000 மில்லியன் ரூபா. 200ஆல் வகுத்தால் இரண்டரைக் கோடி ஆள்நாட்கள். ஒருவர் வருடத்தில் 250 நாள் வேலை செய்தால் ஒரு லட்சம் பேருக்குப் போதும். தனியார் கம்பனியின் தொழிலாளிக்கு வரிப்பணத்திலிருந்து சம்பளம் கொடுப்பது முறையா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த 200 ரூபாவை நான் வரவேற்கிறேன், அதுவும் பணத்துக்காக மட்டுமல்ல. அரச நிதியின் மீது பாராளுமன்றத்துக்கே முழுக் கட்டுப்பாடு என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. அரச பணம் செக்ரோலின் வழியாகப் போகிறது என்றால், செக்ரோலும் பாராளுமன்றத்தின் பார்வைக்கு உட்பட்ட ஆவணமாகிறது. அரைப் பேர் விழுந்த நாளுக்கு இந்த 200 உண்டா? கொழுந்து இல்லை என்று துரை திருப்பி அனுப்பிய நாள் வருகையில் சேருமா? கம்பனி தரும் பெயர்ப் பட்டியலைக் கணக்காய்வாளர் நாயகம் சரிபார்ப்பாரா? இத்தனை காலம் தோட்டத்து அலுவலகத்தோடு அடங்கிக் கிடந்த கணக்கை அரச கணக்குகள் பற்றிய கோபா குழுவின் மேசைக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி கிடைக்காது.

இப்படிக் கேட்கும் பழக்கம் நம்மிடம் ஏன் வளரவில்லை என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் முதலாவது பாராளுமன்றத்தில் அமர்ந்தார்கள். அடுத்த வருடமே மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் அவர்களின் வாக்கைப் பறித்துத் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952இல் அந்த ஏழும் பூச்சியமாயின. நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் தேர்வாகி உள்ளே போனது 1977இல். இடையில் ஒரு தலைமுறை முழுவதும், மலையகம் தன் வாக்கால் அனுப்பிய குரல் அந்தச் சபையில் இல்லை. அவர் 1978இல் அமைச்சரானார். அன்றிலிருந்து நம் அரசியல், அரசாங்கத்துக்கு ஆதரவு கொடுத்துக் காரியம் சாதிக்கும் அரசியலாக வளர்ந்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 1988இலும் 2003இலும் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது அந்தப் பேரம்பேசும் பலத்தால்தான். ஆனால் அமைச்சரவையில் இருந்துகொண்டு கேட்பவர் சலுகை கேட்கலாம். கணக்குக் கேட்க முடியாது.

இன்று நிலைமை வேறு. பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன், மனோ கணேசன், ஜீவன் தொண்டமான் எல்லோரும் அரசாங்கத்துக்கு வெளியே. ஆளும் வரிசையில் பெருந்தோட்டப் பிரதி அமைச்சராக சுந்தரலிங்கம் பிரதீப். 2024 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் வந்திருக்கிறார்கள். கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் மலையகத்தவரே இரு பக்கமும் இருக்கும் சபை இது. 2023 ஒக்டோபரில் மலையகத்துக்கான வாக்குறுதிகளோடு ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்ட கட்சியே ஆட்சியில் இருக்கிறது. அந்தப் பிரகடனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

கேட்டால் நடக்குமா என்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். அந்தச் சபைக்கோ அவர்களுடைய லயத்துப் பாதையைத் தாராளமாகச் செப்பனிட வழியில்லை. 31 வருடங்கள் இப்படியே போயின. 2018இல் திகாம்பரம் அமைச்சராக இருந்த காலத்தில் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மேடைப் பேச்சுகள் எதுவும் அசைக்காத சுவரைச் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம் அசைத்தது.

காணி விஷயத்திலும் இப்படியொரு பிடி வேண்டும், அதுவும் உடனடியாக. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களைக் குடியேற்ற மாற்றுக் காணி கையில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியாவையும் பதுளையையும் கண்டியையும் சிதைத்தபோது நாம் மறுபடியும் அதே இடத்தில் நின்றோம். ஆபத்தான சரிவிலிருந்து எழும்பச் சொல்கிறார்கள். எங்கே போவது என்றால் பாடசாலை மண்டபத்தைக் காட்டுகிறார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் அரச காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது.

வீட்டுக்கு 2015இல் ஏழு பேர்ச்சஸ் காணி என்றார்கள். பின்னர் பத்துப் பேர்ச்சஸ் என்றார்கள். அடுத்த அமர்வில் நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் ஒரு கட்சித் தலைவர் எழுந்து கேட்கட்டும்: டித்வாவுக்குப் பிறகு எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை ஏக்கர் குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்டது, எந்தத் திகதியில், மறுத்த கம்பனி எது, தங்கப் பங்கின் சொந்தக்காரர் என்ற முறையில் திறைசேரிச் செயலாளர் அந்தக் கம்பனிக்கு என்ன எழுதினார், உறுதி எந்தக் குடும்பங்களின் பெயருக்குப் போனது? தோட்டத்தின் பெயரையும் திகதியையும் சொல்லி அமைச்சர் பதில் தரட்டும். விடை தயாரில்லை என்றால், தயாராகும் நாளையும் அவரே ஹன்சாட்டில் பதியட்டும்.