வீரனுக்கும் நாய்க்கும் ஒரு கல்

திருவண்ணாமலைக்குச் செல்வோர் விண்ணளாவும் கோபுரத்தைக் கண்டு வியந்து, வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களின் புதையல் என்பதை அறிந்தோர் சிலரே.

ஆநிரை கவர வந்தாரோடு பொருது மாண்டவனுக்கு ஊரார் கல் நாட்டுவது பண்டைத் தமிழர் வழக்கு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் பகுதிக் கற்களை ஆராய்ந்து, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது.

அவற்றுள் நெஞ்சை நெகிழ்விப்பது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அது நாட்டப்பெற்றது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் சேவகன் படைக்கலம் ஏந்தி அதில் நிற்கிறான். அருகே ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்து கூறுகிறது. குன்றுகளைக் குடைந்து கோயில் கண்ட மன்னனின் காலத்திலே, மந்தை காத்தவனையும் அவன் நாயையும் பெயர் சொல்லிப் போற்றினர் சிற்றூர் மக்கள்!

இத்தகைய கற்கள் பலவற்றை வேடியப்பன் என்று மக்கள் இன்றும் வணங்கிப் பேணுகின்றனர். கேட்பாரற்று வயலோரத்தில் சாய்ந்து கிடப்பனவும் உள. சுண்ணாம்பு பூசினாலோ சுரண்டினாலோ எழுத்து அழியும். கல்லை இடம் பெயர்த்தால் அதன் வரலாறே குலையும்.

பெற்றோரே, விடுமுறையில் பிள்ளைகளைச் செங்கத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் கண்டால் கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். தமக்காக உயிர் தந்தவனின் நாயைக்கூட அவர்கள் மறக்கவில்லை. நமக்காக உழைப்போரின் பெயரையேனும் நாம் அறிந்திருக்க வேண்டாமா?