இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்

கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,



மரங்களிலும் மின்கம்பங்களிலும் தொங்கும் ஃபைபர் கேபிள்களைப் பற்றித் தங்களுக்கு வரும் புகார்களுக்குக் குறைவிருக்காது. நடப்பவர் கழுத்தில் மாட்டுகிறது, நகரத்தின் அழகு கெடுகிறது என்பார்கள். இரண்டும் உண்மை. நெட்வொர்க் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில், அதிகம் பேசப்படாத மூன்றாவது கேடு ஒன்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அது புரிய, வலையமைப்பு இயங்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

முன்பு ஒவ்வொரு ரூட்டரும் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தது. 2008இல் ஸ்டான்ஃபோர்டில் நிக் மெக்கியோன் குழுவினர் முன்வைத்த ஓப்பன்ஃப்ளோ, அந்த முடிவைப் பெட்டியிடமிருந்து வாங்கி மையத்திலுள்ள மென்பொருளிடம் கொடுத்தது. அதன்பின் வலையமைப்பையே நிரல் எழுதி இயக்க முடிந்தது. 5ஜி அந்தச் சிந்தனையை மொபைலுக்குக் கொண்டுவந்தது. ஒரே டவர் வழியாக ஆம்புலன்சுக்கு ஒரு தனித் தடம், வீடியோ பார்ப்பவருக்கு இன்னொரு தடம் என்று ஒதுக்க அதில் வழி உண்டு. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோதே அதைப் பெற்ற நகரங்களில் பெங்களூரும் ஒன்று. 

இத்தகைய வலையமைப்பில் ஒரு பாதை அறுந்தால் மென்பொருள் கண் இமைக்கும் நேரத்தில் வேறு பாதைக்குத் திருப்பிவிடும். ஆனால் அந்த வேறு பாதை உண்மையிலேயே வேறாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனை எச்சரிக்கையோடு இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் இரண்டு கோடுகள் தெரியும். தெருவிலோ இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் சுற்றிக் கிடக்கும், அல்லது ஒரே குழியில் புதைந்திருக்கும். ஒரு மரக்கிளை முறிந்தால், ஒரு ஜேசிபி மண்ணைக் கிளறினால் இரண்டும் சேர்ந்தே போகும். இதைத்தான் எங்கள் துறையில் பகிர்ந்த ஆபத்து என்கிறோம். எந்தக் கேபிள் எந்தக் குழியில் போகிறது என்று தெரியாத மென்பொருள் என்ன செய்யும்?

தொங்கும் கேபிள்களை அவ்வப்போது வெட்டி வீசுவது இதற்கு மருந்தாகவில்லை. சில நாளில் அதே கம்பத்தில் புதுக் கேபிள் ஏறிவிடுகிறது, கீழே அதற்கு இடம் இல்லாததால்.

இடம் தர முடியும் என்று இந்த நகரமே காட்டியிருக்கிறது. சுமார் பத்தாண்டுகளுக்கு முன் டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் செயின்ட் மார்க்ஸ் சாலையையும் ரெசிடென்சி சாலையையும் புதுப்பித்தபோது, நடைபாதைக்கு அடியில் கேபிள்களுக்கென்றே குழாய்கள் பதிக்கப்பட்டன. பள்ளம் தோண்டுமுன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் தருவதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை வெளியிட்டது. கண்டபடி தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசே சொன்னது.

எனவே தங்களிடம் என் கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, ஆணையத்தின் ஐந்து மாநகராட்சிகளிலும் இனி புதுப்பிக்கும் ஒவ்வொரு முக்கியச் சாலையின் இரு பக்கமும் குழாய் பதியுங்கள். ஒரே பக்கம் பதித்தால் பழைய ஆபத்து மண்ணுக்கடியில் தொடரும். குழாய் ஆணையத்தின் சொத்தாக இருக்கட்டும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாடகை. செலவின் ஒரு பகுதியாவது அதில் திரும்பும்.

இரண்டாவது, ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண் கொடுத்து, மென்பொருள் நேரடியாகப் படிக்கும் வடிவில் வரைபடம் தயாரியுங்கள். பாதுகாப்புக் கருதி அதை ஊருக்கெல்லாம் திறக்க வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தால் போதும். இணைப்பு வாங்குபவருக்கு அது செல்லும் குழாயின் எண்ணைச் சொல்வதை அந்த நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்குங்கள். ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் பதியாமல் தோண்டிய ஒப்பந்ததாரரின் பில்லை நிறுத்தி வையுங்கள்.

மூன்றாவது, தெருவிளக்குக் கம்பங்கள். 5ஜியின் உயர் அலைவரிசைகள் வெகுதூரம் போகா, சுவரைத் தாண்டத் திணறும். அதனால் நெருக்கமான இடங்களில் இந்தக் கம்பங்களிலேயே சிறிய செல் கருவிகளைப் பொருத்த வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இத்தகைய கருவிகளுக்காக 2022இல் நடத்திய சோதனைகளில் நம்ம மெட்ரோவும் ஓர் இடம். 1905இலேயே சிவனசமுத்திர மின்சாரத்தால் தெருவிளக்கு ஏற்றிய ஊர் இது. இன்று நடும் கம்பத்துக்குள் மின்சாரத்தோடு ஃபைபருக்கும் வழி விட்டால், நாளை மறுபடியும் தோண்ட வேண்டியதில்லை.

நகரம் முழுவதையும் ஓராண்டில் மாற்றச் சொல்லவில்லை. மாநகராட்சிக்கு ஒரு சாலை, மருத்துவமனை உள்ள சாலையாகப் பார்த்து, இப்போது டெண்டரில் இருப்பதிலிருந்தே தேர்ந்தெடுங்கள். எவை அந்த ஐந்து சாலைகள், எப்போது முடியும் என்று அறிவியுங்கள். இம்மடலின் கன்னடப் படியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவன்