சந்தாப் பணமும் சிறைவாசலும்

மலையகம் ஒரு காலத்தில் தன் சிறையாளிக்கு வாக்களித்தது. 1991 ஜூனில் கொழும்பில் கூட்டுப்படைத் தலைமையகத்தின் மீது நிகழ்ந்த குண்டுத் தாக்குதலின் தொடர்பில் மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரன் கைது செய்யப்பட்டார். 1993 மாகாண சபைத் தேர்தலில் அவர் சிறையிலிருந்தவாறே போட்டியிட்டு வென்றார். மறு ஆண்டே நாடாளுமன்றம் சென்று பிரதி அமைச்சருமானார். அவருடைய பிற்கால அரசியலில் எனக்கு உடன்பாடற்றவை பல. ஆயினும், அன்று லயங்களிலிருந்து இறங்கிவந்து வாக்களித்தோர் 'இவன் எங்கள் பிள்ளை' என்று அரசுக்கு அறிவித்தனர். அதை நான் மறக்கவில்லை.

அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், கட்சியும் பெயரும் இல்லாத தோட்டத்து இளைஞர்களும் சிறை சென்றார்கள். அவர்களுக்காக யார் இறங்கி வந்தார்கள்?

1979 இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடம் அளித்த வாக்குமூலமே சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரம் கைதியின் தலையில். 1993 இல் கைதான மட்டக்களப்பு சிங்கராசாவின் வழக்கைப் பாருங்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலம், கீழே அவரது கைநாட்டு, தண்டனை ஐம்பது ஆண்டுகள்! மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 இல் அவருக்குச் சார்பாகக் கருத்துரைத்தும், 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2022 திருத்தமும் வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை.

அமெரிக்காவில் 1971 இல் நடந்த பொலிஸ் அதிகாரி ஒருவரின் கொலைக்காக, முன்னாள் கருஞ்சிறுத்தைகள் எண்மர் மீது 2007 இல் குற்றஞ்சாட்டப்பட்டது. அங்கும் மூலம் 1973 இல் சித்திரவதையால் பெற்ற வாக்குமூலங்களே. ஆனால் விசாரணை நாள்தோறும் நீதிமன்றம் ஊராரால் நிறைந்தது, பிணைப்பணமும் திரண்டது. 2011 அளவில் பெரும்பாலோர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டிருந்தன.

நமது நிலை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் அட்டன் பேருந்து நிலையத்தில் ஒரு தாயைச் சந்தித்தேன். மகனைப் பார்க்கக் கொழும்புக்குப் போகிறார். இரவே புறப்பட வேண்டும். இரண்டு பேர் இழப்பு. (வெளியூர் வாசகருக்கு: தோட்டத்தில் ஒரு நாட்சம்பளத்தைப் 'பேர்' என்போம்.) கையில் ஒரு சோற்றுப் பொதி. தோட்டத்தில் என்ன சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். "தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னேங்கய்யா" என்றார். பயணச் செலவைவிட அந்தப் பொய்தான் என்னை உறுத்தியது.

மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்தில் தொழிற்சங்கச் சந்தா பிடிக்கப்படுகிறது. அதில் ஒரு சிறு பங்கைச் சட்டத்தரணிக் கட்டணத்துக்கும் சிறைக்குப் போகும் குடும்பத்தின் பேருந்துச் செலவுக்கும் ஒதுக்குவதில் என்ன தடை? மே தின மேடைக்கு ஆகும் செலவை நான் அறிவேன். வழக்குத் தவணையன்று சங்கத் தலைவர் ஒருவர் நீதிமன்ற வாங்கில் அந்தத் தாயின் பக்கத்தில் அமர்ந்தால், அடுத்த முறை அவர் தங்கை வீட்டைச் சாட்டவேண்டி இராது.