இணையவழி மனநலச் சிகிச்சையும் கல்லூரிகளின் கடமையும்

காய்ச்சல் கண்ட மாணவனை வைத்தியரிடம் அனுப்ப விடுதிக் காப்பாளர் தயங்குவதில்லை. ஆனால், இரவில் உறக்கமின்றிப் பாடத்தில் மனம் பற்றாது, உணவையும் நண்பரையும் ஒதுக்கி வாரக்கணக்கில் வாடும் மாணவனைச் சோம்பேறி என்றே பலரும் கருதிவிடுகின்றனர். பதற்ற நோயும் மனச்சோர்வு நோயும் ஒழுக்கக் குறைகள் அல்ல. சிகிச்சைக்கு இணங்கும் நோய்களே. மனநோய்களுள் பெரும்பாலானவை 25 வயதிற்குள் தலைகாட்டத் தொடங்குகின்றன. கல்லூரிப் பருவம் அவ்வயதில் அடங்கியதே.

பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப நோயுற்றோரில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்ததைக் காட்டிற்று. மனநல வைத்தியர் தொகையோ குறைவு. அவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளனர். இந்நிலையில் தொலைவழிச் சிகிச்சை வரவேற்கத்தக்கதே. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் கேட்பார். தேவையாயின் மனநல வைத்தியரின் உதவிக்கு வழிசெய்வார்.

இணையவழி அளிக்கப்படும் சிகிச்சைகளுள் முக்கியமானது, சிந்தனையையும் நடத்தையையும் திருத்தும் முறையாகும். "ஒரு தேர்வில் தவறினேன், இனி நான் எதற்கும் உதவேன்" என்று மறுகும் மாணவி, அவ்வெண்ணத்தை எழுதிப் பார்க்கிறாள், அதற்குச் சான்று உண்டா என்று ஆராய்கிறாள், கைவிட்ட அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் மேற்கொள்கிறாள். எழுத்தாலும் பயிற்சியாலும் நடைபெறும் இம்முறையைத் திரையின் வழியாகவும் கற்பிக்க இயலும்.

எனினும், செயலியை மட்டும் பெற்றுத் தனியே விடப்பட்டோரில் பலர் அதனை இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர் என்பதும், பயிற்சி பெற்ற ஒருவர் அவ்வப்போது விசாரித்து ஊக்கினால் பலன் மிகுகின்றது என்பதும் ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளன. ஆகவே, செயலி இருக்கின்றது, ஆலோசகர் எதற்கு என்று ஒரு கல்லூரி முடிவு செய்யுமாயின், அது சிக்கனம் ஆகாது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறி வகுத்துள்ளது.

இடத்தைப் பற்றியும் எண்ண வேண்டும். நால்வர் தங்கும் விடுதி அறையில் ஒருவன் தன் அச்சத்தை எவ்வாறு வாய்விட்டுச் சொல்வான்? வீட்டுக்கு ஒரே கைப்பேசி உள்ள மாணவி எங்கே சென்று பேசுவாள்? கதவைச் சாத்திக்கொள்ளத்தக்க ஓர் அறையும், இணைய வசதியும், வந்தவர் பெயர் வெளியாகாது என்ற உறுதியும் அளிப்பது எந்தக் கல்லூரிக்கும் இயலாத காரியம் அன்று.

ஆசிரியர் மனநல நிபுணர் அல்லரே என்பர். மெய்தான்; நோயை நிர்ணயிக்கும்படி அவரை யாரும் கேட்கவில்லை. மாறுதலைக் கவனித்தல், தனியே அழைத்து விசாரித்தல், உதவிக்கு வழிகாட்டல், அடுத்த வாரம் மறவாது மீண்டும் கேட்டல் ஆகிய நான்குமே அவர் செய்யத்தக்கவை. படிப்பை நிறுத்திக் கிராமம் திரும்பிய இளைஞர்பால் களப்பணியாளர் செய்யவேண்டுவதும் இவையே.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் விளைவதில்லை. உண்டு என்று விடை வருமாயின், அம்மாணவரைத் தனியே விடாது ஒருவர் உடனிருந்து, அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். அந்நேரத்தில் செயலியை நம்பியிருத்தல் தகாது. தொலைவிலுள்ள நிபுணரை மாணவனிடம் கொண்டுவருவது இணையத்தின் பணி. மாணவனை அந்நிபுணரிடம் சேர்ப்பது அருகிலிருப்பவரின் பணி. இரண்டும் சேர்ந்தாலன்றி இச்சிகிச்சை முழுப்பயன் தராது.