ஊதா லைட் வேண்டாம், ட்யூப் லைட் போதும்

ஜூனியர்ஸ், இந்த மாசம் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கணும்னு ஓடிக்கிட்டு இருப்பீங்க. உங்கள்ல ரெண்டு டீமாவது "வீட்டுக்குள் செடி வளர்க்கும் தானியங்கி அமைப்பு" என்று எழுதிக் கொடுப்பீங்கன்னு பந்தயம் கட்டுறேன். ஒரு ஆர்டுவினோ, மண் ஈரப்பதம் பார்க்க ஒரு சென்சார், தண்ணி விட ஒரு குட்டி மோட்டார், மேலே ஊதா நிறத்தில் எரியும் எல்இடி. போன வருஷமும் இது இருந்தது, அதுக்கு முந்தின வருஷமும் இருந்தது. எங்க டீமும் இதைத்தான் செஞ்சோம். தலைப்பை மாத்தச் சொல்லல. அந்த ஊதா லைட்டை மட்டும் வாங்காதீங்க.

எங்க கதையைச் சொல்லிடறேன். நாங்க நாலு பேர். ஒரு சீனியர் ரிப்போர்ட்டில் "சிவப்பு நாலு பங்கு, நீலம் ஒரு பங்கு" என்று இருந்தது. அப்படியே எடுத்துக்கிட்டோம். காசு போட்டு சிவப்பு, நீல எல்இடி ஸ்ட்ரிப் வாங்கி ஒட்டி, வெந்தயக்கீரை விதைச்சோம். லைட் போட்ட முதல் நாள் லேப்பே கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து டிபார்ட்மென்ட்ல இருந்தெல்லாம் செல்ஃபி எடுக்க வந்தாங்க. எங்களுக்குப் பெருமை தாங்கல.

ரெண்டாவது ரிவ்யூவுக்கு முந்தின நாள் ட்ரேயை வராண்டாவுக்குத் தூக்கிட்டு வந்தோம், பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுக்க. கீழ் இலை எல்லாம் மஞ்சள். சென்சாரைத் தப்பா செட் பண்ணி வெச்சிருந்தோம், மோட்டார் அளவுக்கு மீறி தண்ணி விட்டு வேர் மூச்சு முட்டிக் கிடந்தது. எத்தனை நாளா அப்படி இருந்ததுன்னு யாருக்கும் தெரியல. தினமும் ரெண்டு வேளை பார்த்த செடிதான்! ஆனா ஊதா வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாத்தான் தெரியும். மஞ்சளை மஞ்சளா காட்ட அந்த வெளிச்சத்தில் வழியே இல்லை. செடி எங்ககிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு, நாங்க காசு கொடுத்து எங்க கண்ணைக் கட்டிக்கிட்டோம்.

மறுநாள் ரிவ்யூவில் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஏன் நாலுக்கு ஒண்ணு?" லிட்டரேச்சர் சர்வே மேடம்னோம். "எந்த பேப்பர்?" நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். சீனியர் ரிப்போர்ட்டைப் போய்ப் பார்த்தா, அவங்களும் அதுக்கு முந்தின பேட்ச்கிட்ட இருந்து எடுத்திருந்தாங்க.

அப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். (நான் இங்கிலீஷ் மீடியம். 'ஒளிச்சேர்க்கை', 'பச்சையம்' என்ற வார்த்தைகளே இந்தக் கட்டுரைக்காகக் கத்துக்கிட்டதுதான். ரெண்டும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு.) நம்ம எல்லாருக்கும் ஸ்கூல் புத்தகத்தில் இருந்த அந்த கிராஃப் ஞாபகம் இருக்கும். பச்சையம் நீலத்தில் ஒரு மலை, சிவப்பில் ஒரு மலை, நடுவில் பச்சை நிறம் இருக்கும் இடத்தில் பள்ளம். அதனால பச்சை வெளிச்சம் செடிக்கு வீண் என்று முடிவு கட்டிடறோம். அந்த கிராஃப் பொய் இல்லை. ஆனா அது இலையோட கிராஃப் இல்லை. இலையில் இருந்து பச்சையத்தைப் பிரிச்சு, ஒரு கரைப்பானில் கரைச்சு, கண்ணாடிக் குப்பியில் வெச்சு அளந்தது.

உயிருள்ள இலை குப்பி மாதிரி நடந்துக்காது. உள்ளே நுழைஞ்ச பச்சை ஒளி செல்லுக்குச் செல் பட்டுத் தெறிச்சு அலையும். அப்படி அலையும்போதே அதில் பாதிக்கும் மேல் உறிஞ்சப்பட்டுடும். மிச்சம் வெளியே வர்ற கொஞ்சத்தைத்தான் நாம 'இலை பச்சை' என்கிறோம். 1970-களின் தொடக்கத்தில் டெக்சாஸில் மெக்ரீ என்ற ஆராய்ச்சியாளர் 22 வகைப் பயிர்களின் இலைகள் மேல், ஒவ்வொரு நிற ஒளியையும் தனித்தனியாப் போட்டு ஒளிச்சேர்க்கையை அளந்தார். சிவப்புக்குத்தான் முதலிடம். ஆனா பச்சை பள்ளத்தில் கிடக்கல, நீலத்தோடு ஏறத்தாழ சமமா நின்னது. 2009-ல் ஜப்பானில் தெராஷிமா குழு இன்னும் ஒரு படி மேலே போச்சு. பலமான வெள்ளை ஒளி ஏற்கெனவே விழும் இலைக்குக் கூடுதலா பச்சை ஒளி கொடுத்தா, சிவப்பைவிட அது அதிகமா உதவுதுன்னு காட்டினாங்க. காரணம் சிம்பிள். சிவப்பும் நீலமும் இலையின் மேல்பரப்பிலேயே தீர்ந்துபோகும், பச்சை அடிவரைக்கும் இறங்கும்.

அப்போ இந்த ஊதா எங்கிருந்து வந்தது? விண்வெளியில் செடி வளர்க்க நாசா பணத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆராய்ச்சி நடந்தப்போ, 1990 வாக்கில், நல்லா எரியும் எல்இடின்னா அது சிவப்புதான். நீலத்துக்கு ஃப்ளோரசன்ட் லைட்டைச் சேர்த்துக்கிட்டாங்க. பிரகாசமான நீல எல்இடி அதுக்கப்புறம்தான் வந்தது. அதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2014-ல் நோபல் கிடைச்சது நமக்கெல்லாம் தெரியும். ஆக, சிவப்பு முதலில் வந்தது செடி கேட்டதால் மட்டும் இல்லை, கடையில் அப்போ அதுதான் இருந்தது. அதே நாசா 2014-ல் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பின வெஜ்ஜி என்ற தோட்டப் பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியும் இருக்கு. செடி செடி மாதிரி தெரியணும், சாப்பிடத் தோணணும்னுதான். எங்களுக்கு முன்னாடியே அவங்களுக்கு அது புரிஞ்சிருக்கு.

ஊதா பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கல. ஒரு நீல ஃபோட்டானுக்குச் செலவாகும் ஆற்றல் சிவப்பு ஃபோட்டானைவிட அதிகம். கணக்கு போட்டா, ஒரு ஜூல் ஆற்றலில் 450 நானோமீட்டர் நீலம் அதிகபட்சம் 3.76 மைக்ரோமோல் ஃபோட்டான் தரும், 660 நானோமீட்டர் சிவப்பு 5.52 தரும். ஏக்கர் கணக்கில் லைட் எரிக்கும் பண்ணைக்கு இந்த வித்தியாசம் கரண்ட் பில்லில் தெரியும். அவங்க சிவப்பை நம்புறது சரி. நாம எரிக்கப்போறது நாற்பது வாட்.

அந்த நாற்பது வாட்டுக்கு என் சிபாரிசு, எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதா வெள்ளை எல்இடி ட்யூப். வெள்ளை எல்இடி என்பதே 450 நானோமீட்டர் பக்கத்தில் எரியும் ஒரு நீல சிப், அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அதிலேயே நீலமும் இருக்கு, பச்சையும் இருக்கு, சிவப்பும் இருக்கு. நாங்க வாங்கப் போனப்போ கடை அண்ணன், "செடிக்கா? செடிக்குன்னு தனியா லைட் விக்கிறாங்களேப்பா"ன்னு அக்கறையோட தடுத்தார். 6500 கெல்வின் 'கூல் டேலைட்' எடுத்தா நீலம் தூக்கலா இருக்கும், செடி குட்டையா, கெட்டியா வரும். 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டில் சிவப்பு தூக்கல். கீரைக்கு எதுன்னாலும் சரி. ரெண்டு ட்யூப் போடறீங்கன்னா ஒண்ணு அது, ஒண்ணு இது போடுங்க.

நிறத்தை யோசிக்கிற நேரத்தில் பாதியை அளவுக்குக் கொடுங்க, அதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் விழுது என்பதுதான் செடியோட கணக்கு. உச்சி வெயிலில் அது சுமார் 2000. கீரை நாற்றுக்கு 100-ல் இருந்து 200 இருந்தா ஓட்டலாம். இதை அளக்கும் மீட்டர் நம்ம லேப்பில் இல்லை, விலையும் கட்டுப்படியாகாது. ஆனா வெள்ளை எல்இடிக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. போன் ஆப்பில் லக்ஸ் பாருங்க, அதை 70-ஆல் வகுங்க. 7000 லக்ஸ் காட்டினா சுமார் 100. போன் துல்லியம் இல்லைதான், ஆனா பத்து மடங்கு தப்பு பண்ணாது. ஊதா லைட்டில் இந்த வித்தையும் பலிக்காது. லக்ஸ் என்பது மனுஷக் கண்ணுக்கான அளவு, பச்சைக்குத்தான் அதில் மார்க் அதிகம்.

இப்போ கணக்கு: 20 வாட் ட்யூப் ஒண்ணு ஏறத்தாழ 2000 லூமென். ரெண்டு போட்டா 4000. நாலு அடி நீளம், ஒரு அடி அகலப் பலகை என்றால் 0.37 சதுர மீட்டர். பக்கவாட்டில் சிதறுவது போக மூணில் ரெண்டு பங்கு செடி மேல் விழுதுன்னு வெச்சாலும் 7000 லக்ஸ் தாண்டும். பதினாறு மணி நேரம் எரிச்சா ஒரு நாளைக்கு 0.64 யூனிட், மாசத்துக்கு 19 யூனிட் சொச்சம். ட்யூபை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டுங்க. உயர உயர வெளிச்சம் பக்கத்தில் சிதறி வீணாகும். எல்இடி ட்யூப் அவ்வளவா சுடாது, பயப்பட வேண்டாம். இந்த ஏற்பாட்டில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, கடுகு முளை எல்லாம் வரும். தக்காளிக்கு ஆசைப்படாதீங்க, அதுக்கு வெளிச்சம் இன்னும் பல மடங்கு வேணும்.

ஆன்லைனில் '1000 வாட் க்ரோ லைட்' பார்த்து மயங்கிடாதீங்க. பல பெட்டிகளில் அந்த 1000 வெறும் பெயர். பிளக்கில் உண்மையில் எவ்வளவு இழுக்குதுன்னு சின்ன எழுத்தில் போட்டிருப்பாங்க, அதைத் தேடிப் படிங்க.

கடைசி ரிவ்யூவுக்கு நாங்க ஒரு ட்ரே ஊதாவிலும் ஒரு ட்ரே வெள்ளையிலும், ஒரே வாட்டில் வெச்சோம். ரெண்டும் வளர்ந்தது. எதில் எடை அதிகம்னு இங்கே சொல்லமாட்டேன். ஒவ்வொரு ட்ரே வெச்சு அப்படிச் சொன்னா நாங்களும் அந்த சீனியர் ரிப்போர்ட் மாதிரி ஆயிடுவோம். உங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுசா இருக்கு. ஒவ்வொன்றிலும் அஞ்சு ட்ரே வெச்சு, எடை போட்டு, ரிப்போர்ட்டில் எழுதுங்க. மேடம் அந்தக் கேள்வியை உங்ககிட்டயும் கேப்பாங்க.

எங்க ஊதா ஸ்ட்ரிப் ப்ராஜெக்ட் லேப் பீரோவில், ரெண்டாவது தட்டில் சுருட்டி வெச்சிருக்கு. சிம்போசியம் மேடைக்கு வேணும்னா எடுத்துக்கோங்க, அதுக்கு அருமையான லைட்.